ஓர் ஆற்றின் இரு முனைகள்: குற்றாலக் குறவஞ்சியும் முக்கூடற் பள்ளும் காட்டும் மலை, ஆறு, மணல்

மலையும் ஆறும் பாலையும் மனித வாழ்க்கையை எவ்வாறு உருவாக்குகின்றன என்பது பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறும் ஒரு பழைய தலைப்பு. பாடம் பெரும்பாலும் நைல் நதியில் தொடங்கி, இமயமலையைத் தொட்டு, சகாராவிலோ தார் பாலையிலோ முடிகிறது. தென்காசி மாவட்டத்து மாணவருக்கு இவை மூன்றும் தொலைவில் உள்ளவை. ஆனால் அவர் ஊருக்கு அருகிலேயே மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, சற்றுத் தள்ளிச் செம்மணல் பாலையும் இருக்கிறது. மலையையும் ஆற்றையும் பாடிய இரண்டு தமிழ் நூல்களும் இருக்கின்றன. ஒன்று, மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி. மற்றொன்று, ஆசிரியர் பெயர் தெரியாத முக்கூடற் பள்ளு.

இவ்விரு நூல்களும் ஒரே ஆற்றின் இரு முனைகளில் நிற்கின்றன என்பது வகுப்பறையில் அதிகம் சொல்லப்படாத செய்தி. குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் கலக்கிறது. ஆறு தொடங்கும் இடம் குறவஞ்சியின் களம். ஆறு முடியும் இடம் பள்ளின் களம். இரண்டையும் தனித்தனியே படித்தால் ஒன்று மலையழகு நூல், மற்றது உழவு நூல். சேர்த்துப் படித்தால், நிலம் மனிதரை எந்த அளவுக்கு உருவாக்குகிறது, எந்த இடத்தில் அந்த வேலையை மனிதரே எடுத்துக்கொள்கின்றனர் என்பது தெரியவரும். அவ்வாறு சேர்த்துப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலும் ஊரும்

மேலகரம், தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே அமைந்த பேரூர். திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. அவர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர். குற்றாலநாதர் கோயிலின் புலவராக விளங்கியவர். குற்றாலத் தலபுராணம், குற்றால மாலை, குற்றால யமக அந்தாதி முதலிய நூல்களையும் இயற்றியவர். எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது குறவஞ்சியே. அந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் வழங்கினார். அந்நிலம் 'குறவஞ்சி மேடு' எனப் பெயர் பெற்றது.

இந்தச் செய்தியைப் பலர் கவிராயரின் பெருமைக்குச் சான்றாக மட்டும் சொல்வர். அதில் வேறொன்றும் இருக்கிறது. மலையைப் பாடிய நூலுக்குக் கிடைத்த பரிசு நிலம். மலையில் வாழும் குறத்தியின் வாயால் பாடிய புலவர், கீழேயுள்ள ஊரின் நிலவுடைமை ஒழுங்கில் இடம்பெற்றார். இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நூலை வாசிக்கும்போது, மலையைப் பார்ப்பவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

குறவஞ்சியின் கதை எளிது. குற்றாலநாதர் உலா வருகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு காதல் கொள்கிறாள். நிலவையும் மன்மதனையும் பழிக்கிறாள். தோழியைத் தூது விடுகிறாள். அப்போது குறி சொல்லும் சிங்கி வருகிறாள். தன் மலைவளத்தைச் சொல்கிறாள், குறி சொல்கிறாள், பரிசுகள் பெறுகிறாள். அவளைத் தேடி அவள் கணவன் சிங்கன் பறவை பிடித்தபடி வருகிறான். இருவரும் சேர்வதோடு நூல் முடிகிறது. 1944இல் சென்னைக் கலாக்ஷேத்ரா இதை நாட்டிய நாடகமாக மேடையேற்றியது. அதன்பின் இந்நூல் படிப்பறையிலிருந்து அரங்கிற்கும் சென்றது.

உறவு முறையில் மலைகள்

மலை மனிதரை உருவாக்குகிறது என்பதற்குக் குறவஞ்சியில் உள்ள மிகச் சிறந்த சான்று, சிங்கி மலைகளை முறை வைத்து அழைக்கும் இடம். கொல்லிமலை அவளுக்கு இளையவளின் மலை. பழனிமலை கணவனுக்கு உரிய மலை. விந்தியம் தந்தையின் மலை. இமயம் தமையனின் மலை. சாமிமலை மாமியாரின் மலை. நாஞ்சில் நாட்டு வேள்விமலை தோழியின் மலை. இவ்வாறு அடுக்கிவிட்டு, திரிகூடமலையைத் தன் செல்வம் என்கிறாள்.

சமவெளியில் வாழ்பவர் ஊர்ப்பெயராலும் நிலத்தாலும் உறவைச் சொல்வர். சிங்கி மலையால் சொல்கிறாள். அவளுக்கு இமயம் வரைபடத்தின் வடக்கு எல்லை அல்ல, அண்ணன் வீடு. குறி சொல்லி ஊர் ஊராகத் திரியும் ஒரு மக்கள் கூட்டம், இந்தியாவின் மலைகளையெல்லாம் ஒரே குடும்பமாகக் கற்பனை செய்துகொள்வதில் உண்மையின் சாயல் உண்டு. ஒரே இடத்தில் நிலையாகக் குடியிருக்காதவர்க்கு, சென்ற இடமெல்லாம் சொந்தம் இருந்தாக வேண்டும். மாணவர்க்கு இதைச் சொல்லிக் கொடுத்தால், நிலம் மனிதரின் மனத்தை உருவாக்குகிறது என்ற கருத்து விளக்கமின்றியே புரியும்.

உயர்வு நவிற்சிக்குள் உள்ள உண்மை

மலைவளம் பற்றிய பாடல்களை ஆசிரியர்கள் உயர்வு நவிற்சி அணிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அருவியின் அலை வானம் வரை எழும்புவதால் கதிரவனின் தேர்க்குதிரைகளுக்கும் சக்கரத்துக்கும் கால் வழுக்குகிறது என்பது அவற்றுள் புகழ்பெற்ற கற்பனை. அணியின் பெயரைச் சொல்லிவிட்டால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் பாடல் அதோடு முடிந்துவிடுவதில்லை.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் ஆகத்து வரையிலான காலத்தில் குற்றாலத்தில் நிற்பவர்க்கு இக்கற்பனை அவ்வளவு மிகையாகத் தோன்றாது. கேரளப் பக்கம் பெருமழையாகப் பெய்யும் மேகம், ஆரியங்காவுக் கணவாய் வழியாகவும் மலை முகடுகளைக் கடந்தும் இப்பக்கம் வரும்போது சாரலாகத் தூறுகிறது. வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். கதிரவன் தெரிவதும் மறைவதுமாக இருப்பான். மலைக்கு மேல் அவன் நிலைகொள்ள முடியாமல் தடுமாறுவதாகச் சொல்வது, கண்ணால் கண்ட பருவநிலையின் மீது கட்டிய கற்பனை.

மற்ற செய்திகள் இன்னும் நேரடியானவை. குறவர் கிழங்கு அகழ்கின்றனர், தேன் எடுக்கின்றனர், யானைக் கொம்பை உலக்கையாக்கித் தினை இடிக்கின்றனர். தினை விதைப்பதற்காகக் காட்டை வெட்டித் திருத்திய புனத்தில் அகிலும் சந்தனமும் மணக்கின்றன. காடுதோறும் வரையாடு தாவிப் பாய்கிறது. இவற்றில் அணி எதுவும் இல்லை. காட்டை வெட்டிப் பயிரிடும் முறை, மலைப்பயிர், உணவு, கருவி ஆகிய நான்கும் சில அடிகளில் வந்துவிடுகின்றன. வரையாடு இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிப் பாறைச் சரிவுகளில் மட்டுமே வாழ்வது. கவிராயர் அதைப் பார்த்தோ, பார்த்தவரிடம் கேட்டோ எழுதியிருக்கிறார்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து விலங்கு, மரம், உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், அங்கு எழும் உணர்வை உரிப்பொருள் என்றும் வகுத்தது. நிலத்திலிருந்து வாழ்க்கை முளைக்கிறது என்ற கருத்தைத் தமிழ் இலக்கணம் பாடல் எழுதும் விதியாகவே ஆக்கியிருந்தது. பிரெஞ்சு அறிஞர் மொந்தெஸ்கியே 1748இல் தட்பவெப்பநிலை மக்களின் இயல்பையும் சட்டத்தையும் பாதிக்கிறது என்று எழுதியது ஐரோப்பாவில் பெரிதாகப் பேசப்பட்டது. ஏறத்தாழ அதே நூற்றாண்டில் வாழ்ந்த கவிராயர்க்கு அது புதிய கருத்தாக இருந்திருக்காது. குறிஞ்சியின் கருப்பொருள் பட்டியலை அவர் சிங்கியின் வாயில் உயிருள்ள பேச்சாக வைத்தார்.

கஞ்சி கேட்கும் குறத்தி

நூலின் மீது வைக்க வேண்டிய முதல் கேள்வி இங்கே எழுகிறது. வைரமும் மாணிக்கமும் விளையும் மலை, யானை நிலவைக் கவளமென்று எண்ணி வழிமறிக்கும் மலை என்றெல்லாம் பாடியவள், ஏன் கீழே இறங்கிக் குறி சொல்ல வருகிறாள்?

இதற்கு நூலே ஒரு விடை தருகிறது. அதைப் பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துவிடுகின்றனர். குறி சொல்லும் முன் சிங்கி தன் திறமையைப் பெருமையாகச் சொல்கிறாள். அதே மூச்சில், வயிற்றுக்குக் கஞ்சி போதும் என்கிறாள். கூழானாலும் தாமதிக்காமல் கொண்டு வரச் சொல்கிறாள். பெரிய குடுக்கை நிறைய வேண்டும் என்கிறாள். வெற்றிலையும் பாக்கும் கேட்கிறாள். கப்பலில் வந்த சீனச் சரக்கிலும் ஒரு துளி கேட்கிறாள்.

மன்னர்கள் மெச்சும் குறவஞ்சி கஞ்சி கேட்பது நகைச்சுவைக்காக வைத்த இடம். அரங்கில் பார்ப்போர் சிரிப்பர். ஆனால் சிரிப்புக்குள் பசி இருக்கிறது. தினையும் கிழங்கும் ஆண்டு முழுவதும் போதியவை அல்ல. மலைமக்களுக்கு நெல்லும் துணியும் புகையிலை, பாக்கு முதலியவையும் சமவெளியிலிருந்துதான் வர வேண்டும். அதற்கு மாற்றாக அவர்கள் தருவது தேனும் மருந்தும் குறியும். மலை மனிதரை உருவாக்கியது உண்மை. மலை மட்டும் அவர்களுக்குச் சோறு போட்டது என்பது உண்மை அல்ல. மலைவளப் பாடல் மறைத்ததைக் கஞ்சிப் பாடல் சொல்லிவிடுகிறது. இரண்டையும் ஒரே பாத்திரத்தின் வாயில் வைத்தது கவிராயரின் நேர்மை. ஆனால் பாடத்திட்டங்களும் மேடைகளும் முதலாவதைப் போற்றி இரண்டாவதை விட்டுவிட்டன.

பின்னர் வரும் சிங்கன் சிங்கி உரையாடலிலும் இதே நுட்பம் உண்டு. பரிசாகப் பெற்ற அணிகளோடு நிற்கும் மனைவியைச் சிங்கன் பார்க்கிறான். பாடகம் அவனுக்கு மண்புழுவாகத் தெரிகிறது. காற்கெச்சம் செத்த தவளையாகத் தெரிகிறது. இடுப்பிலுள்ள பொன் அரைஞாண் சாரைப்பாம்பாகத் தெரிகிறது. சேலை, விரித்து மடித்த வாழைக் குருத்தாகத் தெரிகிறது. காட்டைத் தவிர வேறு அறியாத கண்ணுக்குப் பொன்னும் காட்டுப் பொருளாகவே தெரியும். நிலம் பார்வையை உருவாக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. சிங்கியோ ஒவ்வோர் அணிக்கும் அது வந்த ஊரைச் சொல்கிறாள். சேலத்து நாட்டுச் சிலம்பு, நெல்வேலியார் தந்த சேலை எனப் பதில் வருகிறது. அவள் உலகம் விரிந்துவிட்டது. அவன் உலகம் இன்னும் மலைதான். ஒரே மலையில் பிறந்த இருவர் வெவ்வேறாக ஆனதற்குக் காரணம் மலை அல்ல, பயணம்.

விதைத்தவர் யார்?

சிங்கி தன் நாட்டுவளத்தையும் சொல்கிறாள். அந்த நாட்டில் தொங்குபவை மாம்பழக் கொத்துகள்தாம். சுழல்வது தயிர் கடையும் மத்துதான். ஓடுவது பூ மிதக்கும் வெள்ளந்தான். மண்ணில் போடப்படுவது விதைதான். குற்றவாளி ஓடுவதும் கள்வர் தூக்கில் தொங்குவதும் அங்கே இல்லை என்பது குறிப்பு. அழகான முறை, சொல்லாமல் சொல்வது. ஆனால் அங்கே விதை போடப்படுகிறதே தவிர, போடும் கை தெரிவதில்லை. மத்து சுழல்கிறதே தவிர, கடைபவளின் தோள் தெரிவதில்லை.

அந்தக் கையைப் பார்க்க, சிற்றாற்றோடு கிழக்கே செல்ல வேண்டும். குற்றாலத்தை விட்ட ஆறு தென்காசியைக் கடந்து, அனுமன் நதி முதலிய துணையாறுகளின் நீரையும் பெற்று, வழியிலுள்ள அணைக்கட்டுகள் வழியாகக் குளங்களையும் வயல்களையும் நிரப்பி, முக்கூடலை அடைகிறது. சீவலப்பேரியின் பழைய பெயர் முக்கூடல். (திருநெல்வேலி மாவட்டத்தில் இன்று முக்கூடல் என்றே வழங்கும் பேரூர் வேறு.) அங்குள்ள அழகர் கோயிலின் பண்ணை நிலத்தில் உழைக்கும் பள்ளர் சமூகத்தின் வாழ்க்கையைப் பாடுவது முக்கூடற் பள்ளு. இச்சமூகத்தார் இன்று தேவேந்திரகுல வேளாளர் என அழைக்கப்படுகின்றனர்.

பள்ளில் ஆறு அழகுப் பொருளாக வருவதில்லை. நாளை வெள்ளம் வருமா என்ற கேள்வியாக வருகிறது. வெள்ளத்தின் அறிகுறிகளை உழவர் வரிசைப்படுத்தும் பகுதி இந்நூலின் சிகரம். மலையாளப் பக்கமும் ஈழப் பக்கமும் மின்னல் வெட்டுகிறது. இரண்டு நாளாகக் காற்று ஒரு விதமாகச் சுழன்று அடிக்கிறது. கிணற்றுத் தவளை கத்துகிறது. நண்டு தன் வளையின் வாயைச் சேற்றால் அடைக்கிறது. வானம்பாடிகள் கூட்டமாகப் பறக்கின்றன.

இதிலுள்ள புவியியல் துல்லியமானது. இப்பகுதியின் மேற்கே மலையாள நாடு. அங்கிருந்து வருவது தென்மேற்குப் பருவமழை. கிழக்கே கடலுக்கு அப்பால் ஈழம். அப்பக்கமிருந்து வருவது வடகிழக்குப் பருவமழை. தாமிரபரணிப் படுகை இரு பருவமழையாலும் பயன்பெறுவது. இரு திசை மின்னலையும் ஒரே அடியில் சேர்த்த புலவர், இரண்டு மழையையும் எதிர்பார்த்து வாழும் உழவரின் கண்ணால் வானத்தைப் பார்த்திருக்கிறார். குறவஞ்சியில் இயற்கை வியப்புக்கு உரியது. பள்ளில் இயற்கை கணிப்புக்கு உரியது. தவறாகக் கணித்தால் நாற்றும் விதையும் போய்விடும் என்பதால், நண்டின் வளையைக்கூட உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிலம் செய்யாத வேலை

எனினும் பள்ளின் கதையை ஆறு நடத்துவதில்லை. கதைத்தலைவன் இளைய மனைவியின் வீட்டிலேயே தங்கிப் பண்ணை வேலையைக் கவனிக்காமல் விடுகிறான். மூத்தவள் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள். பண்ணைக்காரன் அவனைத் தொழுவில் மாட்டித் தண்டிக்கிறான். மூத்தவளே பின்னர் இரங்கி அவனை விடுவிக்க வேண்டுகிறாள். அவன் விதைக்கும் மாட்டுக்கும் ஏர்க்கருவிக்கும் கணக்குச் சொல்கிறான். உழுகிறான், மாடு முட்டி விழுந்து எழுகிறான், விதைக்கிறான். விளைந்த நெல் கோயிலுக்கும் அறக்கட்டளைகளுக்கும் அளக்கப்படுகிறது. பங்கு பற்றிச் சண்டை எழுகிறது.

ஆறு வண்டல் கொண்டு வரும், நெல்லை விளைவிக்கும். உழைப்பவனைத் தொழுவில் மாட்டுவது ஆறு அல்ல. விளைந்த நெல்லை யார் அளப்பது, யார் கை கட்டி நிற்பது என்பதை வண்டல் மண் முடிவு செய்வதில்லை. அதைச் செய்தது நிலவுடைமையும் சாதி ஒழுங்கும். 'ஆறு நாகரிகத்தின் தொட்டில்' என்று பாடநூல் எழுதும்போது, தொட்டிலில் படுத்தது யார், ஆட்டியது யார் என்று மாணவர் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். நைல் நதிக்கரைக்கும் இதே கேள்வி பொருந்தும். வெள்ளம் நைல் தந்தது. பிரமிடு கட்டும் ஆணையை நைல் தரவில்லை.

பள்ளு நூலுக்கும் குறைகள் உண்டு. இரு மனைவியரின் ஏசலை நகைச்சுவைக்காக நீட்டுகிறது. ஒருத்தி சைவம், மற்றவள் வைணவம் என்று வைத்து, இருவரும் தெய்வங்களை மாறி மாறி இகழ்வதில் புலவருக்குத் தம் புலமையைக் காட்டும் ஆசையே மிகுதி. உழைப்பவரின் வேதனையைச் சொல்லும் இடங்களிலும் அவரைப் பார்த்துச் சிரிக்கும் தொனி கலந்திருக்கிறது. அந்த வகையில் சிங்கனைப் பார்த்துச் சிரிக்கும் குறவஞ்சியும் இதுவும் ஒன்றே. இரண்டு நூல்களிலும் பேசுபவர் எளியவர், எழுதியவர் புலவர். ஆயினும் நெல்வகை, மாட்டுவகை, மீன்வகை, ஏரின் உறுப்பு ஆகியவற்றை இவ்வளவு விரிவாகப் பதிவு செய்த நூல்கள் தமிழில் குறைவு. தொழிலின் சொற்களை உழைப்பவரிடமிருந்தே புலவர் கற்றிருக்க வேண்டும். அந்தக் கடன் நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

நூல் பெறாத மணல்

மலைக்கும் ஆற்றுக்கும் நூல் கிடைத்தது. மூன்றாவதான மணலுக்கு அவ்வாறு ஒன்று வாய்க்கவில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகளைத் தேரி என்பர். குதிரைமொழித் தேரி அவற்றுள் பெரியது. மணலின் சிவப்புக்கு அதன் மீது படிந்த இரும்புத் தாது காரணம். மேற்கேயுள்ள செம்மண் நிலத்தின் துகள்களைப் பருவக்காற்று கிழக்கே கொண்டுவந்து குவித்ததால் தேரி உருவானது என்பது புவியியலார் தரும் ஒரு விளக்கம். அவ்விளக்கத்தின்படி, மலையில் மோதிக் குற்றாலத்துக்கு அருவி தரும் அதே தென்மேற்குக் காற்றே, ஈரம் இழந்த பின் சமவெளியில் வீசி மணலையும் குவித்தது. மலையும் பாலையும் ஒரே காற்றின் இரண்டு விளைவுகள் என்பதை மாணவர் தம் மாவட்ட எல்லையைச் சற்றே தாண்டினால் பார்க்கலாம்.

தமிழ் மரபு பாலையைத் தனி நிலமாக வைக்கவில்லை. தொல்காப்பியர் நிலம் பகுத்தது நான்காகவே. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வறண்டால் பாலை வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் கருத்து. பாலை என்பது இடத்தின் பெயர் மட்டும் அல்ல, நிலத்துக்கு வரும் ஒரு நிலை என்ற இந்த எண்ணம், காடழிவையும் மண் அரிப்பையும் பேசும் இக்காலத்துக்கு மிகவும் பொருந்துவது.

தேரியில் மனிதர் வாழ்ந்த முறையும் பாடமாகத்தக்கது. நெல் விளையாத மணலில் பனை நின்றது. பனையேறிகள் நாள்தோறும் பல மரங்கள் ஏறிப் பதநீர் இறக்கினர். பெண்கள் அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கினர். உடன்குடிக் கருப்பட்டியின் புகழ் அந்த மணலில் விளைந்தது. மணல் கொடுத்தது பனையை. கருப்பட்டியைக் கொடுத்தது மனிதரின் கையும் தோளும். சிங்கிக்கும் முக்கூடலின் உழவருக்கும் கிடைத்தது போன்ற ஒரு சிற்றிலக்கியம் பனையேறிக்குக் கிடைத்திருந்தால், இந்த மூன்று நிலங்களின் கதை முழுமை பெற்றிருக்கும். கோயில் பண்ணையும் மன்னர் கொடையும் எட்டாத இடத்துக்கு அக்காலப் புலவர் செல்லவில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

இன்று ஏன் படிக்க வேண்டும்

இந்நூல்களைப் பழம்பெருமைக்காக மட்டும் படிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. குறவஞ்சியில் அருவிநீர் முற்றமெங்கும் பரந்து, சிறுமியர் கட்டிய மணல் வீட்டை இழுத்துக்கொண்டு ஓடுவதாக ஒரு காட்சி வருகிறது. வாசிப்பவர் புன்னகைப்பர். அந்த விளையாட்டுக் காட்சிக்குள் மலையருவியின் இயல்பு ஒன்று அடங்கியிருக்கிறது. நீர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவர்க்குத் தெரியாது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும்.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தோர் சிதறி ஓடினர். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அதற்கு முந்தைய 2023 திசம்பரில், 17, 18ஆம் நாட்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை புரண்டது. தேரிக்காட்டுக்கு அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. வறண்ட நிலம் என்று பெயர் பெற்ற பகுதி நீரில் மூழ்கியது.

முக்கூடலின் உழவர் நண்டையும் தவளையையும் பார்த்து வெள்ளத்தை எதிர்பார்த்தனர். இன்று வானிலை மையமும் எச்சரிக்கை ஒலியும் உள்ளன. கருவிகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனால் மேற்கே மலை முகட்டில் மேகம் கறுத்தால் அருவியை விட்டு விலக வேண்டும் என்ற எளிய அறிவு, சுற்றுலா வரும் கூட்டத்திடம் இல்லை. அருவியை அழகாக மட்டும் கற்பித்ததன் விளைவும் இதில் ஒரு பங்கு. மலைவளப் பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர், அந்த அருவி மணல் வீட்டை இழுத்துச் சென்றதையும் சேர்த்துச் சொன்னால், இலக்கிய வகுப்பு ஓர் உயிரையேனும் காக்கக்கூடும்.

மதிப்பீடு

திருக்குற்றாலக் குறவஞ்சியின் சிறப்பு அதன் சந்தமும் கற்பனையும் மட்டும் அல்ல. மலைமக்களின் உணவு, தொழில், உறவு, பார்வை ஆகியவற்றை மலையிலிருந்து முளைத்தவையாகக் காட்டியது அதன் பெரிய சிறப்பு. அம்மக்களின் பசியைச் சிரிப்பாக மாற்றியது அதன் குறை. முக்கூடற் பள்ளின் சிறப்பு, ஆற்றை உழைப்பவரின் கண்ணால் பார்த்தது. உழைப்பவரைச் சில இடங்களில் வேடிக்கைப் பொருளாக்கியது அதன் குறை. ஒன்றின் குறையை மற்றொன்று ஓரளவு ஈடு செய்கிறது. எனவே இவற்றை ஒன்றாகவே கற்பிப்பது நல்லது.

வகுப்பில் மாணவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். உன் ஊரின் நிலம் உனக்கு எந்த உணவையும் எந்தச் சொல்லையும் கொடுத்தது? அந்த நிலம் கொடுத்ததைப் பங்கிட்டவர் யார்? அந்த நிலம் எப்போது ஆபத்தாகும் என்பதை உன் வீட்டுப் பெரியவர்கள் எதைக் கொண்டு அறிந்தனர்? முதல் கேள்விக்குக் குறவஞ்சி வழி காட்டும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பள்ளு வழி காட்டும். தேரிப் பக்கத்து மாணவர் தம் விடைக்கு நூல் தேட முடியாது. வீட்டிலுள்ள தாத்தாவையும் பாட்டியையும்தான் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை எழுதி வைத்தால், இதுவரை நூல் பெறாத நிலத்துக்கும் ஒரு பதிவு கிடைக்கும்.